பழைய லேப்டாப்பும் புது ரவுட்டரும்: வீட்டு வைஃபையை முதல் முறை அமைப்பவர்களுக்கு

புது ரவுட்டரை மாட்டியதும் வீட்டிலுள்ள போன்கள் எல்லாம் வைஃபையைப் பிடித்துக்கொள்கின்றன. பத்துப் பன்னிரண்டு வருடம் உழைத்த லேப்டாப் மட்டும் அடம்பிடிக்கிறது. பட்டியலில் வீட்டு வைஃபையின் பெயரே வருவதில்லை. இல்லாவிட்டால் பெயர் வருகிறது, கடவுச்சொல்லைச் சரியாக அடித்தும் இணைக்க முடியவில்லை என்கிறது.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். லேப்டாப்பின் காலம் முடிந்துவிட்டது என்று பரணில் போட்டுவிடுகிறார்கள். அல்லது ரவுட்டருக்குள் போய்ப் பாதுகாப்பு அமைப்புகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, லேப்டாப் எதில் பிடிக்கிறதோ அப்படியே விட்டுவிடுகிறார்கள். முதலாவது வீண்செலவு. இரண்டாவது அதைவிட மோசம். ஒரு பழைய கருவி உள்ளே வருவதற்காக வீட்டின் எல்லாக் கருவிகளுக்கும் போட்டிருந்த பூட்டைக் கழற்றுகிறோம்.

இரண்டும் வேண்டியதில்லை. லேப்டாப்புக்கு என்ன புரியும், என்ன புரியாது என்று முதலில் தெரிந்துகொண்டால், அதற்கு மட்டும் ரவுட்டரில் தனியாக ஒரு வாசல் திறந்துவிடலாம். வீட்டின் மற்றக் கருவிகள் நல்ல பூட்டோடு அப்படியே இருக்கும். அதற்கான வழி இது. இதுவரை ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தே பார்க்காதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் லேப்டாப்பைப் பாருங்கள்

ரவுட்டரின் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் லேப்டாப்பைத் திறந்து மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, அதிலுள்ள இயங்குதளம். விண்டோஸ் எக்ஸ்பியா, 7-ஆ, 10-ஆ? எக்ஸ்பி என்றால் எத்தனையாவது சர்வீஸ் பேக் (மைக்ரோசாஃப்ட் தந்த பெரிய புதுப்பிப்புத் தொகுப்பு)? இந்தச் சின்ன எண் முக்கியம். இன்று பெரும்பாலான ரவுட்டர்கள் எதிர்பார்க்கும் டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறை, 2008-இல் வந்த மூன்றாவது சர்வீஸ் பேக்கில்தான் எக்ஸ்பியோடு சேர்ந்தே வந்தது.

இரண்டு, வைஃபை கார்டின் பெயர். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற வரியை விரித்தால் கார்டின் பெயர் தெரியும். பல கார்டுகளின் பெயரிலேயே 802.11 என்ற எண்ணும், அதன் பின்னால் ஓரிரு எழுத்துகளும் இருக்கும். அந்த எழுத்துகள்தான் கார்டு எந்தக் காலத்தது என்பதைச் சொல்லும். 'பி' 1999-இல் வந்தது. நொடிக்கு 11 மெகாபிட் அதன் உச்சம். 'ஜி' 2003-இல் வந்தது. உச்சம் 54 மெகாபிட். இவை இரண்டுக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் தெரியும். 2009-இல் வந்த 'என்' 5 கிகாஹெர்ட்ஸிலும் இயங்க வல்லது. ஆனாலும் அந்தக் காலத்து லேப்டாப்புகள் பலவற்றில் 2.4 மட்டுமே தெரிந்த 'என்' கார்டுகளைத்தான் போட்டார்கள். பெயரில் பி, ஜி, என் என மூன்று எழுத்து மட்டும் இருந்தால் 2.4 மட்டும், முன்னால் 'ஏ' என்ற எழுத்தும் சேர்ந்திருந்தால் 5-உம் உண்டு என்று எடுத்துக்கொள்ளலாம். 'ஏசி' 2013-இல் வந்தது. அது இருந்தால் உங்கள் லேப்டாப் அவ்வளவு பழையதில்லை, பாதி வேலை குறைந்தது.

மூன்று, வைஃபைக்கென்று தனி சுவிட்ச் இருக்கிறதா என்பது. 2010-க்கு முன்பின் வந்த லேப்டாப்புகள் பலவற்றின் முன்விளிம்பிலோ பக்கவாட்டிலோ நகம் அளவு நகர்த்து சுவிட்ச் ஒன்று இருக்கும். பையில் போட்டு எடுக்கும்போது அது தானாக நகர்ந்துவிடும். சிலவற்றில் எஃப்என் விசையோடு மேல்வரிசை விசை ஒன்றைச் சேர்த்து அழுத்த வேண்டும். அந்த விசையில் கோபுரம் போல ஓர் அடையாளம் போட்டிருக்கும். மணிக்கணக்காக ரவுட்டரோடு போராடிவிட்டு, கடைசியில் இந்த சுவிட்ச் அணைந்திருந்ததைக் கண்டுபிடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

தேதியைச் சரிபாருங்கள்

இதற்குத் தனி இடம் கொடுக்கிறேன். பழைய லேப்டாப்புகளில் நான் பார்த்த இணையக் கோளாறுகளில் அதிகமாக ஏமாற்றியது இதுதான்.

என் சித்தப்பாவின் லேப்டாப்பில் வைஃபை இணைந்திருந்தது, சிக்னல் முழுமையாக இருந்தது, ஆனால் எந்த இணையதளமும் திறக்கவில்லை. ரவுட்டரை இரண்டு முறை முதல் நிலைக்குக் கொண்டுவந்து அமைத்தோம். இணைப்பு தருபவர்களிடம் போனில் புகார் சொன்னோம். மறுநாள் தற்செயலாகத் திரையின் மூலையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, லேப்டாப் தான் இருப்பது 2009-ஆம் வருடம் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

காரணம் எளிமையானது. லேப்டாப்பை அணைத்தாலும் கடிகாரம் ஓடுவதற்காக மதர்போர்டில் காசு வடிவத்தில் ஒரு சின்ன பேட்டரி இருக்கும். வருடங்கள் போனால் அது தீர்ந்துவிடும். அதன்பின் லேப்டாப்பின் முக்கிய பேட்டரியும் காலியாகி அணையும்போதெல்லாம் தேதி பழைய காலத்துக்குப் போய்விடும். இன்றைய இணையதளங்கள் தாங்கள் அசல்தான் என்று நிரூபிக்க ஒரு சான்றிதழைக் காட்டுகின்றன. அந்தச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. லேப்டாப்பின் தேதி 2009 என்றால், 'இந்தச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை' என்று பிரவுசர் கதவைச் சாத்திவிடும். வைஃபைமீது குற்றமே இல்லை.

ஆகவே தேதி, நேரம், நேர மண்டலம் மூன்றையும் கையால் சரிசெய்யுங்கள். இரண்டு நாளில் மறுபடி மாறினால் அந்த பேட்டரியை மாற்ற வேண்டும். பல லேப்டாப்புகளில் அது சிஆர்2032 என்ற வகை. சிலவற்றில் ஒயரோடு சேர்த்து பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருப்பார்கள். திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இதே போன்ற இன்னொரு சிக்கலும் உண்டு. இணையதளங்களுக்குச் சான்று தரும் மூலச் சான்றிதழ்களில் பரவலாகப் பயன்பட்ட ஒன்று 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. புதுப்பிக்கப்படாத பழைய கணினிகளில் அன்றோடு பல தளங்கள் திறக்காமல் போயின. தேதி சரியாக இருந்தும் சில தளங்கள் திறக்கின்றன, சில திறக்கவில்லை என்றால் இது காரணமாக இருக்கலாம். ஃபயர்ஃபாக்ஸ் சான்றிதழ் பட்டியலைத் தன்னிடமே வைத்திருப்பதால், உங்கள் இயங்குதளம் ஏற்கும் கடைசிப் பதிப்பைப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஒயரில் தொடங்குங்கள்

வைஃபையை அமைக்க வைஃபை வழியாகவே உள்ளே போவது, நாம் உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுவது போல. பெயரையோ கடவுச்சொல்லையோ மாற்றிச் சேமித்த அடுத்த நொடியே இணைப்பு அறுந்துபோகும். அதனால் முதல் முறை கேபிளில் செய்யுங்கள். பழைய லேப்டாப்பில் உள்ள பெரிய வசதியே இதுதான்: இன்றைய மெல்லிய மாடல்கள் பலவற்றில் இல்லாத கேபிள் துளை அதில் இருக்கும்.

ரவுட்டரின் பின்பக்கம் பார்த்தால் ஒரே மாதிரி நான்கைந்து துளைகள் இருக்கும். அதில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் அல்லது சற்றுத் தள்ளி இருக்கும். அது வான் (WAN) துளை. வெளியிலிருந்து வரும் இணையம் அதில்தான் நுழைய வேண்டும். மோடத்திலிருந்தோ இணைப்பு தருபவரின் பெட்டியிலிருந்தோ வரும் கேபிளை அதில் செருகுங்கள். மற்றவை லான் (LAN) துளைகள். லேப்டாப்பிலிருந்து வரும் கேபிளை அவற்றில் ஏதாவது ஒன்றில் செருகுங்கள். இரண்டையும் மாற்றிச் செருகிவிட்டால் விளக்குகள் எல்லாம் எரியும், இணையம் மட்டும் வராது.

இரண்டு நிமிடம் பொறுத்து, ரவுட்டரின் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். அமைப்புப் பக்கத்தின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல், தொழிற்சாலையில் வைத்த வைஃபை பெயர் எல்லாம் அதில் இருக்கும். போனில் அதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முகவரி பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 ஆக இருக்கும். அதை பிரவுசரின் முகவரிப் பட்டையில் அடியுங்கள். தேடல் பெட்டியில் அல்ல. பக்கம் வரவில்லையா? லேப்டாப்பில் நெட்வொர்க் இணைப்பின் விவரங்களைத் திறந்து, டிஃபால்ட் கேட்வே என்ற வரியில் உள்ள எண்ணைப் பாருங்கள். ரவுட்டரின் உண்மையான முகவரி அதுதான்.

சில புது ரவுட்டர்களின் அமைப்புப் பக்கம் பழைய பிரவுசரில் பாதி வெள்ளையாக நிற்கும், அல்லது பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. அப்படியானால் போராட வேண்டாம். போனிலிருந்து ரவுட்டருக்குள் போய் அமைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு அறுந்தால் புதுப் பெயரில் மறுபடி நுழைந்தால் போதும்.

இன்னொன்று. இணைப்பு தருபவர் கொடுத்த பெட்டியும் ரவுட்டர், நீங்கள் வாங்கியதும் ரவுட்டர் என்றால், இரண்டும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியை வைத்துக்கொண்டு மோதிக்கொள்ளக்கூடும். உங்கள் ரவுட்டரின் லான் முகவரியை 192.168.2.1 என்று மாற்றினால் மோதல் தீரும். அல்லது உங்கள் ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றிவிடலாம். முகவரி கொடுக்கும் வேலையை இணைப்பு தருபவரின் பெட்டி பார்த்துக்கொள்ளும், உங்களுடையது வைஃபையை மட்டும் தரும். ஆனால் இந்த முறையில் சில ரவுட்டர்களில் கெஸ்ட் வைஃபை, அதாவது விருந்தினருக்கென்று தனியாகத் தரும் இரண்டாவது வைஃபை, சரியாகப் பிரிந்து இயங்காது. நாம் அடுத்துச் செய்யப்போவது அதை நம்பித்தான் இருக்கிறது என்பதால் நான் முகவரியை மாற்றுவதைத்தான் சொல்வேன்.

அமைப்புப் பக்கத்தின் உள்ளே

உள்ளே நுழைந்ததும் முதல் வேலை நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுவது. இது வைஃபை கடவுச்சொல் அல்ல. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்கான சாவி. இரண்டையும் ஒன்றாகவே வைக்காதீர்கள். விருந்தினருக்கு வைஃபை கடவுச்சொல்லைச் சொல்லும்போது ரவுட்டரின் சாவியையும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும்.

அடுத்து ஃபர்ம்வேர் புதுப்பிப்பு. ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருள் அது. பெட்டியில் வந்தது பல மாதம் பழையதாக இருக்கும். புதுப்பிப்பு நடக்கும்போது மின்சாரத்தை அணைக்கக் கூடாது. லேப்டாப் வழியாகச் செய்கிறீர்கள் என்றால் கேபிளில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

பிறகு டபிள்யூபிஎஸ். பொத்தானை அழுத்தினாலோ எட்டு இலக்க எண்ணை அடித்தாலோ இணைந்துவிடும் வசதி. பழைய லேப்டாப்பை இணைக்க இதுதான் சுலபம் என்று தோன்றும். அந்த எட்டு இலக்க முறையில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது 2011-இல் வெளியே வந்தது. எண்ணின் முதல் பாதி சரியா என்பதை ரவுட்டர் தனியாகச் சொல்லிவிடுகிறது; கடைசி இலக்கமோ மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. ஆக, பத்து கோடி முயற்சி தேவைப்பட வேண்டிய இடத்தில் அதிகபட்சம் 11,000 முயற்சி போதும். அணைத்துவிடுங்கள்.

இப்போது வைஃபையின் பெயர். தமிழில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் ஆசைதான். ஆனால் வைஃபை பெயருக்கு 32 பைட்டுகள்தான் இடம். தமிழில் ஒவ்வொரு உயிரெழுத்துக்கும், மெய்க்கும், புள்ளிக்கும், கொம்புக்கும் தனித்தனியாக மூன்று பைட் பிடிக்கும். 'கி' என்ற ஓர் எழுத்துக்கே ஆறு. அதனால் ஐந்து முதல் பத்து எழுத்துக்குள் இடம் தீர்ந்துவிடும். அதைவிட, பழைய லேப்டாப்புகள் சிலவற்றில் இப்படிப்பட்ட பெயர் புரியாத குறிகளாகத் தெரியும். பழைய கருவி இருக்கும் வீட்டில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் போதும். இடைவெளி, மேற்கோள் குறி வேண்டாம். பெயரை மறைத்து வைக்கும் வசதியும் வேண்டாம். மறைத்த பெயரையும் தேடத் தெரிந்தவர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள், உங்கள் லேப்டாப்தான் கண்டுபிடிக்கத் திணறும்.

கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். குறைந்தது 16 வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றோடு ஒன்று சம்பந்தமில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நீளமும் கிடைக்கும், நினைவிலும் நிற்கும். ஒரே ஒரு கவனம்: ழகரத்தையும் நெடிலையும் ஆங்கிலத்தில் எழுத ஆளுக்கு ஒரு முறை இருக்கிறது. நீங்கள் எழுதிய விதத்தை அப்படியே தாளில் குறித்து வையுங்கள்.

லேப்டாப்புக்குத் தனி வாசல்

இனிதான் முக்கியமான இடம்.

ரவுட்டரின் பாதுகாப்புப் பட்டியலைத் திறந்தால் டபிள்யூஇபி, டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 என்று வரிசையாக நிற்கும். டபிள்யூஇபியை 2001-லேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். இன்று சில நிமிட வேலை. 2003-இல் வந்த டபிள்யூபிஏ, பழைய கருவிகள் காலம் தள்ளுவதற்கான இடைக்கால ஏற்பாடு. 2004-இல் வந்த டபிள்யூபிஏ2 இன்றும் வீட்டுக்குப் போதுமானது. 2006 மார்ச்சுக்குப் பிறகு வைஃபை சான்று பெற வந்த கருவிகளுக்கு அது கட்டாயமானது. டபிள்யூபிஏ3 2018-இல் வந்தது. பழைய லேப்டாப்புகள் டபிள்யூபிஏ2 வரைக்கும்தான் வரும்.

புது ரவுட்டர்கள் சில டபிள்யூபிஏ3-ஐ மட்டும் இயக்கியபடி வருகின்றன. சில, டபிள்யூபிஏ2-உம் 3-உம் கலந்த முறையில் வருகின்றன. கலந்த முறை எல்லாவற்றுக்கும் பொருந்த வேண்டும் என்பது கணக்கு. ஆனால் பழைய கார்டுகளை இயக்கும் மென்பொருளான டிரைவர்கள் சில அந்தக் கலவையைப் பார்த்ததும் குழம்பிவிடுகின்றன. பெயர் தெரியும், இணைப்பு தோற்கும்.

அதனால் முக்கிய வைஃபையை உங்கள் புதுக் கருவிகளுக்கு ஏற்றபடி டபிள்யூபிஏ3 அல்லது கலந்த முறையில் விட்டுவிடுங்கள். கெஸ்ட் நெட்வொர்க் என்ற வசதியைத் திறந்து, 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இரண்டாவது வைஃபை ஒன்றை உருவாக்குங்கள். அதற்கு வேறு பெயர், வேறு கடவுச்சொல். பாதுகாப்பு டபிள்யூபிஏ2, குறியாக்கம் ஏஇஎஸ். டிகேஐபி என்றும், இரண்டும் கலந்தது என்றும் வேறு தேர்வுகள் இருக்கும்; அவற்றைத் தொட வேண்டாம். டிகேஐபி பலவீனமானது என்பது ஒரு காரணம். 'என்' கார்டு வைத்திருந்தாலும் டிகேஐபியில் வேகம் 54 மெகாபிட்டுக்கு மேல் போகாது என்பது இன்னொரு காரணம்.

பிஎம்எஃப் அல்லது புரொடெக்டெட் மேனேஜ்மென்ட் ஃப்ரேம்ஸ் (ரவுட்டரும் கருவியும் இணைப்பைப் பற்றிப் பேசிக்கொள்ளும் செய்திகளுக்கான பாதுகாப்பு) என்று ஓர் அமைப்பு தெரிந்தால், அதைக் கட்டாயம் என்று வைக்காமல் விருப்பம் என்றோ அணைத்தோ வையுங்கள். பழைய கார்டுகளுக்கு அது தெரியாது.

கெஸ்ட் நெட்வொர்க்கில் இருப்பவை வீட்டின் மற்றக் கருவிகளைப் பார்க்க முடியாதபடி தடுக்கும் தேர்வும் இருக்கும். அதை இயக்குங்கள். பழைய லேப்டாப்பைத் தனியே வைக்க நான் சொல்வதற்கு இதுதான் பெரிய காரணம். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கான ஆதரவை 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7-க்கான ஆதரவை 2020 ஜனவரி 14 அன்றும் நிறுத்தியது. 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் அந்த லேப்டாப்பில் அடைபடாமலே இருக்கும். அதில் ஏதாவது நுழைந்துவிட்டாலும், வீட்டிலுள்ள போன்களுக்கும் மற்றக் கணினிகளுக்கும் அது தாவக் கூடாது. தனி வாசல் அதைத் தடுக்கிறது.

இதில் ஒரு குறை உண்டு. பிரின்டர் முக்கிய வைஃபையில் இருந்தால் லேப்டாப்பால் அதற்கு அச்சுக் கொடுக்க முடியாது. யூஎஸ்பி கேபிளில் பிரின்டரை நேரடியாக இணைத்துக்கொள்வதுதான் நான் செய்வது. சில மலிவான ரவுட்டர்களில் கெஸ்ட் வைஃபைக்குத் தனிப் பாதுகாப்பு முறை தேர்ந்தெடுக்க முடியாது என்ற சங்கடமும் இருக்கிறது. அப்போது முக்கிய வைஃபையையும் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று வைக்க வேண்டியிருக்கும். அது ஏற்கத்தக்க சமரசம்தான். அதற்குக் கீழே இறங்காதீர்கள். டபிள்யூஇபி மட்டும்தான் தெரியும் என்கிற லேப்டாப்பாக இருந்தால் அதைக் கேபிளில் பயன்படுத்துங்கள், அல்லது கார்டை மாற்றுங்கள்.

இன்னும் பிடிக்கவில்லையா?

முதலில் பழைய நினைவுகளை அழியுங்கள். முன்பிருந்த ரவுட்டரின் பெயரையே புதியதற்கும் வைத்திருந்தால், லேப்டாப் பழைய கடவுச்சொல்லையும் பழைய பாதுகாப்பு முறையையும் வைத்துக்கொண்டு தட்டிப் பார்க்கும். சேமித்த நெட்வொர்க்குகளின் பட்டியலில் போய் அந்தப் பெயரை நீக்கிவிட்டுப் புதிதாக இணையுங்கள்.

பெயரே தெரியவில்லை என்றால் சேனலை, அதாவது அலைவரிசைக்குள் ரவுட்டர் பேசும் உட்பிரிவின் எண்ணைப் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 12, 13 சேனல்களை எல்லா நாட்டு அமைப்பும் அனுமதிப்பதில்லை. அப்படிப்பட்ட நாட்டுக்காகத் தயாரான கார்டு, ரவுட்டர் 13-இல் இருந்தால் அதைக் காணவே காணாது. சேனலைத் தானியங்கியில் விடாமல் 1, 6, 11 இவற்றில் ஒன்றில் நிறுத்துங்கள். ஒன்றோடு ஒன்று மோதாதவை இந்த மூன்றும்தான். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். லேப்டாப்புக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியும் என்றால், அந்தப் பக்கம் 36 முதல் 48 வரையுள்ள சேனல்களில் ஒன்றைத் தேர்ந்து பாருங்கள். 48-க்கு மேலே உள்ள சில சேனல்கள் ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை. பழைய கார்டுகள் சில அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

வைஃபை 6 ரவுட்டராக இருந்தால் இன்னொரு சந்தேகமும் வரவேண்டும். இன்டெலின் 7260, 7265, 8260 போன்ற கார்டுகள் பழைய டிரைவரோடு இருந்தால், 802.11 ஏஎக்ஸ் (வைஃபை 6-இன் இன்னொரு பெயர்) இயங்கும் வைஃபையின் பெயரைப் பட்டியலில் காட்டாது. டிரைவரைப் புதுப்பித்தால் தெரியத் தொடங்கும். கேபிள் செருகியிருக்கும்போதே அதை இறக்கிக்கொள்ளலாம். உங்கள் கார்டுக்குப் புது டிரைவரே இல்லை என்றால், ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்துக்கு மட்டும் ஏஎக்ஸ் முறையை அணையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் அது இயங்கட்டும். புதுப் போன்கள் அங்கேதான் இருக்கும்.

இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்து ரவுட்டரே கருவிகளை அங்கும் இங்கும் தள்ளும் வசதி பழைய கார்டுகளுக்கு ஒத்துவருவதில்லை. இணைந்து இணைந்து அறுந்தால் அதை அணைத்துத் தனிப் பெயர்களைக் கொடுங்கள்.

இணைந்துவிட்டது, ஆனால் இணையம் வரவில்லை. அப்போது இணைப்பு விவரங்களில் லேப்டாப்பின் ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் அதற்கு முகவரி கொடுக்கவில்லை, லேப்டாப் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். யாரோ எப்போதோ கையால் போட்ட நிலையான முகவரி பழைய லேப்டாப்பில் மிச்சமிருப்பதும் உண்டு. ஐபி, டிஎன்எஸ் இரண்டையும் தானாகப் பெறும்படி மாற்றி, வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

சில நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்தால் மின்சேமிப்பைச் சந்தேகப்படுங்கள். டிவைஸ் மேனேஜரில் கார்டின் பண்புகளுக்குள் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள்.

எல்லாம் குழம்பிப்போனால் பயப்பட வேண்டாம். ரவுட்டரின் பின்னால் உள்ள சின்னத் துளையில் ஊசி முனையால் பத்து நொடி போல அழுத்திப் பிடித்தால் அது தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். ஸ்டிக்கரைப் படம் எடுத்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

வேகத்தைப் பற்றி

54 மெகாபிட் கார்டில் 54 வராது. ரவுட்டரோடு பேசிக்கொள்ளவே பாதி போய்விடும்; நல்ல சிக்னலில் கையில் கிடைப்பது 20 மெகாபிட் அளவு. கட்டுரை படிக்க, மின்னஞ்சல் அனுப்ப, சாதாரண வீடியோ பார்க்க அது போதும். வீடியோ திக்கினால் குற்றம் பழைய செயலியிடமும் இருக்கலாம். தெளிவைக் குறைத்துப் பாருங்கள்.

மெதுவான கருவி மற்றவற்றையும் மெதுவாக்கும் என்பதும் உண்மை. ஒரே அலைவரிசையில் எல்லாக் கருவிகளும் முறைபோட்டுப் பேசுகின்றன. மெதுவாகப் பேசுகிறவர் அதிக நேரம் எடுத்துக்கொள்வார். அதனால்தான் லேப்டாப்பை 2.4-இல் தனியாக விடச் சொன்னேன். மற்றவற்றை 5-க்கு அனுப்பிவிடுங்கள்.

ரவுட்டரை அலமாரிக்குள்ளும் தரையிலும் வைக்காதீர்கள். வீட்டின் நடுவே மேசை உயரத்துக்கு மேல் இருக்கட்டும். மைக்ரோவேவ் அடுப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் அருகில்தான் வேலை செய்கிறது என்பதால் அது ஓடும்போது சிக்னல் தடுமாறும். தண்ணீரும் அலையை விழுங்கும் என்பதால் மீன்தொட்டிக்குப் பின்னால் வேண்டாம். பலருக்குத் தெரியாத ஒன்று: யூஎஸ்பி 3 வேகத்தில் இயங்கும் வன்தட்டும் அதன் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கிளப்பும். வன்தட்டைச் செருகியதும் வைஃபை தளர்ந்தால் அதைத் தள்ளி வையுங்கள்.

கார்டை மாற்றுவது

லேப்டாப் நன்றாக இருந்து வைஃபை கார்டு மட்டும் காலாவதி என்றால், யூஎஸ்பியில் செருகும் சின்ன வைஃபை அடாப்டர் ஒன்று பெரும்பாலான வைஃபை பிரச்சினைகளைத் தாண்டிவிடும். வாங்குமுன் உங்கள் இயங்குதளத்துக்கு டிரைவர் உண்டா என்று தயாரிப்பாளரின் பக்கத்தில் பாருங்கள். பெட்டியில் டிரைவரைக் குறுந்தட்டில் வைத்திருந்தால், லேப்டாப்பின் தட்டு இயக்கி வேலை செய்கிறதா என்றும் யோசியுங்கள். லேப்டாப்பில் யூஎஸ்பி 2 துளை மட்டும் இருந்தால் அதன் உச்சமே 480 மெகாபிட். அதிவேக அடாப்டருக்கு அதிகம் செலவு செய்து பயனில்லை.

உள்ளே இருக்கும் கார்டையே கழற்றி மாற்றலாம் என்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சில நிறுவனங்களின் லேப்டாப்புகள் தாங்கள் அனுமதித்த கார்டுகளைத் தவிர வேறு கார்டு இருந்தால் தொடங்கவே மறுக்கும். மாடலின் பெயரோடு தேடிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

விண்டோஸ் 7 அல்லது அதற்கு முந்தையது ஓடுகிறது என்றால், வைஃபை சரியானதோடு வேலை முடியவில்லை. குரோம் விண்டோஸ் 7-க்குக் கொடுத்த கடைசிப் பதிப்பு 2023-இல் வந்த 109. அந்த லேப்டாப்பில் வங்கி வேலை, பணப் பரிமாற்றம், முக்கியமான கடவுச்சொற்கள் எதுவும் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். கோப்புகளை வெளி வன்தட்டுக்கு நகலெடுத்துவிட்டு, லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ அல்லது லுபுன்டு போன்ற எடை குறைந்த லினக்ஸை யூஎஸ்பியிலிருந்து முதலில் நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். அந்த நிலையிலேயே வைஃபை பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். பிடித்தால் நிறுவலாம். லேப்டாப்பின் செயலி 64 பிட்டாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் ஒரு தாளை எடுங்கள். ரவுட்டரின் முகவரி, நிர்வாகக் கடவுச்சொல், இரண்டு வைஃபைகளின் பெயரும் கடவுச்சொல்லும், நிறுத்திய சேனல், அணைத்த அமைப்புகள், செய்த தேதி ஆகியவற்றை எழுதி, வெளியாட்கள் கண்ணில் படாத ஓர் இடத்தில் வையுங்கள். ஒரு வாரம் கழித்து ரவுட்டருக்குள் போய், இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள். கெஸ்ட் வைஃபையில் லேப்டாப் மட்டும் இருக்க வேண்டும். நீங்கள் அறியாத பெயர் ஏதாவது இருந்தால் அந்தக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, தாளிலும் திருத்துங்கள்.